விடுமுறையில் யாம் கற்ற மூன்று நூல்கள்

சென்ற கோடை விடுமுறைக்கு யாம் ஊருக்குப் புறப்படுந் தறுவாயில், எம் தமிழாசிரியர் எம்மை அழைத்து, பாடத்திட்டத்தில் இல்லாத நூல்கள் மூன்றனையேனும் முதலிலிருந்து முடிவுவரை கற்று வருமாறும், அவை குறித்து எம் மனத்திற் பட்டதையே எழுதுமாறும், பிறர் எழுதிய மதிப்புரைகளைப் பாராதிருக்குமாறும் பணித்தார்கள். இறுதியிற் கூறிய கட்டளையே எமக்கு மிகக் கடினமாய்த் தோன்றிற்று. அதற்குக் காரணம் உண்டு. அதனை மறைத்துவிட்டு இக்கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது.

சென்ற ஆண்டுத் தேர்வில் சீவகசிந்தாமணியின் சிறப்பினை விளக்குக என்னும் பொருள்பட ஒரு வினா வந்தது. யாம் பக்கம் பக்கமாக எழுதினோம். திருத்தக்கதேவர் சமண முனிவர் என்றும், நூல் நாமகள் இலம்பகம் முதலாக முத்தி இலம்பகம் ஈறாகப் பதின்மூன்று இலம்பகங்களை உடையதென்றும், தலைவன் மகளிர் எண்மரை மணத்தலின் மணநூல் எனவும் பெயர் பெற்றதென்றும், விருத்தப்பாவின் வளர்ச்சிக்கு அஃது ஓர் எல்லைக்கல் என்றும் அழகுற அடுக்கினோம். மதிப்பெண்ணும் குறைவின்றிக் கிடைத்தது. ஆனால் பாடமாக வைத்த சிறு பகுதியையன்றி அந்நூலில் வேறெதனையும் யாம் கண்ணாலும் கண்டதில்லை. எழுதியவையெல்லாம் வினாவிடைக் குறிப்பொன்றிலிருந்து எடுத்தவை. அக்குறிப்பை எழுதியவராவது நூலைப் படித்தாரோ, அறியோம். எம் வகுப்பில் இவ்வாறு செய்தவர் யாம் ஒருவரே அல்லோம் என்று சொல்லி ஆறுதல் பெறலாம். அவ்வாறே இதுகாறும் பெற்றும் வந்தோம்.

ஊரில் எம் ஆச்சியார் இருக்கிறார்கள். எம் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையில் பல ஊர்களில் உபதேசியாராக இருந்து காலஞ்சென்றவர். ஆச்சியாருக்குக் கண்பார்வை மங்கிவிட்டமையால், இரவு ஜெபத்தில் வேதவாசிப்பு விடுமுறைதோறும் எம் பங்காகும். ஊர் சென்ற முதல் நாள் இரவு, கல்லூரியில் என்னென்ன படிக்கிறாய் என்று கேட்டார்கள். திருவாசகம், திருவாய்மொழி, பெரியபுராணம், சிந்தாமணி என்று சொல்லிக்கொண்டே போனோம். ஆச்சியார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எல்லாம் அடுத்தவுக சாமி பாட்டாவுல்ல இருக்கு, நம்ம வேதத்தை எப்ப ஐயா படிப்பே?" என்றார்கள். எமக்கு விடை தோன்றவில்லை.

இதற்கு நேர்மாறான வினாவொன்றை விடுதியில் எம் நண்பரொருவர் முன்னரே எம்மைக் கேட்டிருந்தார். அவர் சைவர், நல்லவர். "திருவாசகத்தை நீங்கள் பாடமாகப் படிப்பீர்கள், சரி, உருகுவீர்களோ?" என்றார். இத்தகைய வினாவிற்கு எம் சபையைச் சேர்ந்த மாணவர் வழக்கமாகச் சொல்லும் விடை போப்பையர் என்பது. 1886இல் திருக்குறளையும், எண்பதாம் பிராயத்தில், 1900இல், திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்ட அப்பெரியாரைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு யாமும் அன்று தப்பினோம். ஆயினும், போப்பையர் உருகினார் என்பதனால் யாம் உருகினோம் என்று ஆகுமா?

இவ்விரு வினாக்களையும் மனத்திற் கொண்டே யாம் மூன்று நூல்களையும் கற்றோம். ஆதலின் யாம் எழுதுவது நடுநிலையான மதிப்புரை அன்று என்பதனை அன்பர்கள் மனங்கொள்ள வேண்டுகிறோம்.

முதல் நூல் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையவர்களின் இரட்சணிய யாத்திரிகம். இது 1894இல் வெளிவந்தது. ஜான் பனியன் என்னும் ஆங்கிலேயர் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவியது. கிருஷ்ணபிள்ளை 1827இல் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் தோன்றி, கம்பராமாயணத்தில் ஊறி, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். இவற்றை யாவரும் அறிவர். யாம் கற்றது எம் பாட்டனார் வைத்திருந்த பிரதி. எம் வீட்டில் அவர் விட்டுச்சென்ற தமிழ் நூல்களுள் எஞ்சியது அஃதொன்றே. மற்றவை, அவர் மறைந்தபின் வீட்டைப் புதுப்பித்த காலத்தில், நமக்கு வேண்டாதவை என்று கருதப்பெற்றுப் பழங்காகிதக்காரரிடம் போயின. அவற்றுள் என்னென்ன இருந்தன என்பதை வீட்டில் இன்று ஒருவராலும் சொல்ல இயலவில்லை. இந்நூல் தப்பியது பெயரில் இரட்சணியம் இருந்தமையால் என்றே எண்ணுகிறோம்.

நூலைக் குறித்து ஒளியாமல் சொல்லுவோமாயின், தொடக்கத்தில் எமக்கு ஏமாற்றமே மிகுந்தது. பனியன் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் தொழிலாளி. பெட்போர்டு நகரச் சிறையில் பன்னிரண்டு ஆண்டு கிடந்தவர். அவர் கதையில் வருபவர் அனைவரும் தெருவிற் செல்பவர் பேசுமாறு பேசுகின்றனர். கிருஷ்ணபிள்ளையோ அதனை ஐந்து பருவமுள்ள காவியமாக்கிக் கவசமும் கிரீடமும் அணிவித்துவிட்டார். பயணி சேற்றில் விழும்போதும் இலக்கணங் கெடாமல் விழுகின்றார். ஆனால், கிறிஸ்து பெருமான் பாடுபட்ட வரலாற்றைக் கூறுமிடத்தும், இடையிடையே தேவாரங்கள் என்னும் பெயரால் அமைந்துள்ள இசைப்பாடல்களிலும் எம் குறை மறைந்தது. அங்கே ஆசிரியர் எவரையும் தழுவவில்லை, தாமே அழுகின்றார். அத்தேவாரங்களின் அமைப்பும் குழைவும் அவர் பிள்ளைப்பருவத்திற் கேட்ட கோயிற் பண்களிலிருந்து வந்தவை என்பதனைச் செவியுள்ளவர் உணர்வர். மதம் மாறியபொழுது அவர் தம் செவியை மாற்றிக்கொள்ளவில்லை.

இதனை யாமே கண்டுபிடித்ததாகச் சொல்லமாட்டோம். பாட்டனார் தம் பிரதியின் ஓரங்களிற் பென்சிலாற் சிறு குறிப்புக்கள் எழுதியிருந்தார். பெரும்பாலும் ஒரே சொல்: "கம்பர்." ஓரிடத்தில் "கம்பர், அயோத்தியா" என்று இருந்தது. மற்றோரிடத்தில் "திருவாசகம் பார்க்க" என்று இருந்தது. எமக்குத் திகைப்பாயிற்று. ஊர் ஊராய்ச் சென்று வேதம் உரைத்த அவ்வுபதேசியார், கிருஷ்ணபிள்ளையின் செய்யுளைக் கண்டதும் கம்பர் நினைவு வரும் அளவிற்குக் கம்பரைக் கற்றிருந்தார். திருவாசகத்தையும் கையருகில் வைத்திருந்தார். பழங்காகிதக்காரரிடம் போனவை எவை என்பது எமக்கு அப்பொழுது ஒருவாறு விளங்கிற்று.

இரண்டாவது நூல் பிரதாப முதலியார் சரித்திரம். 1879இல் வெளிவந்த இதுவே தமிழின் முதல் நாவல் என்பர். ஆசிரியர் மாயூரம் முனிசீப் வேதநாயகம் பிள்ளை, கத்தோலிக்கர். இந்நூலைப் பற்றி நெடிது எழுத எமக்கு விருப்பமில்லை. கதைத்தலைவனை யானை தூக்கிக்கொண்டு ஓடுவதும், ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு விக்கிரமபுரிக்கு அரசியாவதும் சிரிப்பூட்டுகின்றன. கதைக்குள் கதையாக வரும் அறவுரைகள் அலுப்பூட்டுகின்றன. ஞானாம்பாள் பேசும்பொழுதெல்லாம் முனிசீப் தீர்ப்புரைப்பதே எம் காதில் விழுந்தது. ஆனால் இரண்டைச் சொல்லாமல் விடலாகாது. தமிழ் வழங்கும் நாட்டின் நீதிமன்றங்களில் ஆங்கிலத்தில் வழக்காடுவோரை ஆசிரியர் எள்ளுமிடம் இன்றும் சூடு தணியாதது. மற்றொன்று, தமிழில் உரைநடை நூல்கள் போதா என்னும் குறையைப் போக்கவே இதனை எழுதியதாக அவர் கூறுவது. வீட்டில் ஒரு பண்டம் இல்லையெனின் இல்லையென்று புலம்பாமல் தாமே செய்துவைத்த மனிதர் அவர். முதலிற் செய்த பண்டம் சற்றுக் கோணலாக இருப்பதில் வியப்பில்லை.

சர்வசமய சமரசக் கீர்த்தனை என்னும் நூலையும் வேதநாயகம் பிள்ளை 1878இல் வெளியிட்டார். அவருக்கு உற்ற நண்பர் சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை; நண்பர் மீது குளத்தூர்க் கோவை பாடியவர். ஒரு சைவப் புலவர் கத்தோலிக்க முனிசீப்பைத் தலைவராக்கிக் கோவை பாடினார் என்பதை யாம் இலக்கிய வரலாற்றில் ஒருவரிச் செய்தியாகப் படித்துக் கடந்திருந்தோம். அதற்கு உயிர் கொடுத்தது மூன்றாவது நூலே.

அது டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் என் சரித்திரம். 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்து, 1942இல் ஆசிரியர் மறைவினால் முற்றுப்பெறாமல் நின்று, 1950இல் நூலாயிற்று. நூலின் பருமனைக் கண்டு முதலில் அஞ்சினோம். பின்னர், பக்கங்கள் குறைகின்றனவே என்று அஞ்சினோம். அதில் யாம் கண்ட சுவையெல்லாம் எழுதப் புகின் இம்மலர் கொள்ளாது. எம்மைச் சுட்ட இடங்களை மட்டும் சொல்லுகிறோம்.

ஐயரவர்கள் 1871இல் மாயூரம் சென்று மகாவித்துவானிடம் மாணவராய்ச் சேர்ந்தார்கள். அப்பொழுது அவர்களுக்கு எம்மினும் இளைய வயது. பிரபந்தங்களும் புராணங்களுமாக ஆசிரியர்பால் அவர்கள் பாடங்கேட்ட நூல்களின் பெயர்களை எண்ணுவதற்கே எமக்கு மூச்சு முட்டுகிறது. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார்கள். அவ்வாண்டிலேயே சேலம் இராமசாமி முதலியார் என்பவர் அவ்வூருக்கு முனிசீப்பாக வந்தார். ஐயரவர்கள் அவரைக் காணச்சென்று, தாம் கற்ற நூல்களையெல்லாம் பெருமையோடு எடுத்துரைத்தார்கள். முதலியார் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. அவையெல்லாம் பிற்காலத்து நூல்கள் என ஒதுக்கி, சீவகசிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று வினவினார். ஐயரவர்கள் தாமும் படித்ததில்லை, தம் ஆசிரியரும் படித்ததில்லை என்ற உண்மையையே சொன்னார்கள்.

இவ்விடத்தில் யாம் நூலை மூடிவைத்துவிட்டுத் தெருவிற் சென்று சற்று உலாவி வந்தோம். அதே சிந்தாமணி! அதே வினா! இருபத்தைந்து வயதில், கல்லூரி ஆசிரியர் என்னும் பெயரோடு, ஓர் அதிகாரியின் முன்னிலையில், தெரியாது என்று சொல்ல அவர்களுக்கு நாணமில்லை. யாமோ, தெரியாததைத் தெரியும் என்று பல பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கினோம்.

பின்னர் முதலியார் ஒரு கடிதப் பிரதியைக் கொடுக்க, ஐயரவர்கள் சிந்தாமணியைத் தொடங்கினார்கள். நூல் திறந்து வழிவிடவில்லை. நச்சினார்க்கினியர் உரை இருந்தும் சமண சமயத்துச் சொற்களும் கருத்துக்களும் விளங்கவில்லை. நூலகம் எங்கே, அகராதி எங்கே என்று யாம் தேடியிருப்போம். ஐயரவர்கள், இந்நூலை உயிராகக் கொண்ட மக்கள் இவ்வூரில் உளரோ என்று தேடினார்கள். கும்பகோணத்திற் சமணர் இருக்கின்றனர் என்று கேள்வியுற்று அவர் வீட்டுக்குச் சென்றார்கள். சென்ற அன்று அவ்வீடு தோரணம் முதலியவற்றால் விழாக்கோலம் பூண்டிருந்தது. என்ன விசேடம் என்று கேட்டால், சிந்தாமணியைப் பலநாளாகப் படித்து அன்றுதான் நிறைவு செய்கின்றார்களாம்! அச்சில் முழுமையாக வராத நூல், புலவர் உலகம் மறந்த நூல், ஒரு வணிகர் வீட்டில் நித்திய பாராயணமாக இருந்தது. சந்திரநாத செட்டியார் முதலியோர் ஐயங்களைத் தீர்த்துவைத்தார்கள்.

இதன் அருமையை உணரவேண்டுமாயின் ஒன்றை நினைவு கூர வேண்டும். சோழ மன்னன் சிந்தாமணியில் மகிழ்ந்திருப்பதைக் கண்டு மனம் பொறாமலே சேக்கிழார் அடியார் வரலாற்றைப் பாடினார் என்று சைவர் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். ஆதலின் நெற்றியில் நீறணிந்து, மடத்தில் வளர்ந்த ஒருவர் அந்நூலைக் கற்பது மட்டுமன்று, சமணர் வாயிலில் நின்று பாடங் கேட்பதும் எளிய செயல் அன்று. ஐயரவர்கள் சமணர் ஆகவில்லை; தம் சைவத்தில் ஓர் அணுவும் குறையவில்லை. ஆயினும் சிந்தாமணியைச் சமணர் கண்கொண்டு பார்க்கக் கற்றார்கள். 1887இல் அது பதிப்பாக வெளிவந்தது. தொடர்ந்து பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. சமண நூலும் பௌத்த நூலும் இவற்றுள் உண்டு. எம் நண்பர் எம்மைக் கேட்ட வினாவை ஐயரவர்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

ஏடு தேடிச்சென்ற பயணங்களைப் பற்றிய பகுதிகளுள் ஒன்றை மட்டும் குறிப்பிடுவோம். அஃது எம் சீமையில் நிகழ்ந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிற் பழஞ்சுவடிகள் உள என்று நம்பிச் சென்றார்கள். அங்கிருந்தோர், பயனின்றிக் கிடந்த பழ ஏடுகளை ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதாகக் கூறினர். செய்தவர்கள் பகைவர் அல்லர், பக்தியோடு செய்தவர்கள். இதனைப் படித்தபொழுது எம் வீட்டுக்கு வந்துபோன பழங்காகிதக்காரரின் தராசு எம் கண்முன் நின்றது. அவரிடம் கொடுத்தவர்களும் பக்தியுடையவர்களே.

இனி, எம்மை எல்லாவற்றினும் மிகுதியாக அசைத்த இடத்திற்கு வருகிறோம். மகாவித்துவானுடைய மாணவர்களுள் சவேரிநாத பிள்ளை என்பவர் ஒருவர். அவர் கிறிஸ்தவர். ஐயரவர்களோடு உடன் பயின்றவர். ஆசிரியருக்குப் பணிவிடை செய்வதில் எவர்க்கும் பின்னிடாதவர். 1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் திருவாவடுதுறையில் மகாவித்துவானுக்கு இறுதி வேளை வந்தது. திருவாசகத்தில் அடைக்கலப்பத்தை ஐயரவர்கள் வாசித்தார்கள். அதைக் கேட்டபடியே அப்பெருமான் உயிர் நீத்தபொழுது, அவரைத் தம் மார்பிற் சார்த்தித் தாங்கியிருந்தவர் சவேரிநாத பிள்ளை.

ஐயரவர்கள் இதனைப் பெரியதொரு புதுமையாகக் காட்டிப் பேசவில்லை. ஒரு கிறிஸ்தவர் தாங்கினார், பாருங்கள் என்று வியக்கவில்லை. மாணவர் இருவர் இருந்தனர், ஒருவர் வாசித்தார், ஒருவர் தாங்கினார். அவ்வளவே. அவ்வளவாக மட்டும் அதனைச் சொல்லிச்செல்லும் அந்நடையினால் எமக்குக் கண்ணீர் வந்தது. அன்று சவேரிநாத பிள்ளை அப்பாட்டுக்கு உருகினாரோ இல்லையோ, யாம் அறியோம். தம் மார்பின்மேல் ஆசிரியரின் தலை சாய்ந்திருந்தபோது, அவர் செவியில் விழுந்த ஒவ்வொரு சொல்லும் அவருக்கு அயலார் பாட்டாக இருந்திராது என்பதை மட்டும் துணிந்து சொல்லுவோம். எம் நண்பரிடம் சொல்லவேண்டிய விடை போப்பையர் அல்லர் என்று தோன்றிற்று. அதே வேளையில், சவேரிநாத பிள்ளையின் பெயரையும் மற்றொரு கேடயமாக எடுத்துக்கொள்ள எமக்கு உரிமை இல்லை என்றும் தோன்றிற்று. அவர் ஆண்டுக்கணக்கில் ஏடு சுமந்தார், எழுதினார், நோயாளியைத் தூக்கினார். யாம் இன்னும் சிந்தாமணியை முழுமையாகத் திறக்கவுமில்லை.

விடுமுறை முடிய ஒரு கிழமை இருக்கையில், இரவு ஜெபத்திற்கு முன்னர் ஆச்சியார், பகலெல்லாம் தலை நிமிராமல் எதைப் படிக்கிறாய் என்று கேட்டார்கள். யாம் மகாவித்துவானின் இறுதி நாளைக் கதையாகச் சொன்னோம். ஆச்சியார் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சவேரிநாத பிள்ளை என்னும் பெயர் வந்ததும், "நம்ம பிள்ளையா?" என்றார்கள். ஆம் என்றோம். பாட்டனார் எழுதிய பென்சிற் குறிப்புக்களையும் சொன்னோம். ஆச்சியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வீட்டைக் கட்டும்போது நாந்தான் ஐயா எடுத்துப் போடச் சொன்னேன்" என்றார்கள். அதற்குமேல் அதைப் பற்றி அவர்களும் பேசவில்லை, யாமும் பேசவில்லை.

சற்றுப் பொறுத்து, "அந்தப் பிள்ளை கடைசியாக் கேட்ட பாட்டு உங்கிட்ட இருக்கா?" என்றார்கள். கல்லூரிப் பாடப்பிரதி பெட்டியில் இருந்தது. எடுத்து வந்து, விளக்கடியில் அமர்ந்து, அடைக்கலப்பத்தின் பாடல்கள் பத்தையும் மெல்ல வாசித்தோம். தேர்வுக்காக அரும்பதவுரையோடு பலமுறை கண்ட பாடல்கள் அவை. ஆச்சியார் கண்ணை மூடியிருந்தார்கள். முடிந்தபின் எம்மைப் பார்த்து, "இனிச் சங்கீதம் வாசி, ஐயா" என்றார்கள். திருவாசகத்தைப் பக்கத்திற் கவிழ்த்துவைத்துவிட்டு, வேதாகமத்தை எடுத்து வாசித்தோம்.